திருநர்களுக்குப் பெயர் தேடிய பெர்லின் டாக்டர்: மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டும் இன்றைய 'டேக்' பிரச்சினையும்

ஒரு கல்லூரி மாணவி, வகுப்பு அசைன்மென்ட்டுக்காகத் திருநங்கைகள் பற்றி இணையத்தில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசு நலத்திட்டம், நீதிமன்றத் தீர்ப்பு, ஒரு பேட்டி என்று வந்துகொண்டிருக்கும்போதே, நடுவில் ஆபாச வீடியோ தலைப்புகளும் தலைகாட்டும். அந்தத் தலைப்புகளில் இருக்கும் சொற்களில் பல, தெருவில் சொன்னால் சண்டை வரக்கூடிய வசைச் சொற்கள். இணையத்தில் மட்டும் அவற்றுக்கு 'டேக்' என்று பெயர்.

வயது வந்தோருக்கான உள்ளடக்கம் இருக்கக் கூடாது என்பதல்ல இங்கே பேச்சு. அதில் இருக்கும் மனிதரை எந்தச் சொல்லால் குறிப்பது, அந்தச் சொல்லை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்தது என்று நினைத்தால் தப்பு. நூறு வருடங்களுக்கு முன்பே பெர்லினில் ஒரு டாக்டர் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் கொடுத்த ஒரு சொல் சிலரை போலீஸிடம் இருந்து காப்பாற்றியது. பிற்காலத்தில் அதே சொல் ஆபாசக் கடைகளின் அலமாரி லேபிளாகவும் ஆனது. அவர் பெயர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்.

யார் இவர்?

1868 மே 14-ம் தேதி, பால்டிக் கடலோரத்தில் உள்ள கோல்பெர்க் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. அப்பா டாக்டர். மகனும் முதலில் மொழிகள் படிக்கப் போய், பிறகு மருத்துவத்துக்கு மாறினார். 1892-ல் பட்டம். மாக்டபர்க் நகரில் கொஞ்ச காலம் பிராக்டிஸ் செய்துவிட்டு, 1896-ல் பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்குக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது ஒரு மரணம். அவரிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த இளம் ராணுவ அதிகாரி ஒருவர், தன் திருமணத்துக்கு முந்தைய நாள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தான் ஆண்களை விரும்புபவர் என்பதை வெளியே சொல்ல முடியாமல் தவித்தவர் அவர். தன்னைப் போன்றவர்களுக்காகப் பேசும்படி டாக்டருக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தார்.

அப்போது ஜெர்மனியில் 175-வது சட்டப்பிரிவு நடைமுறையில் இருந்தது. ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றம் என்றது அந்தப் பிரிவு. ஹிர்ஷ்ஃபெல்டும் ஆண்களை விரும்புபவர்தான். 1896-ல் இந்த விஷயம் பற்றி அவர் எழுதிய முதல் சிறு நூல், புனைபெயரில்தான் வெளிவந்தது. பிற்காலத்தில் மற்றவர்களுக்குப் பெயர் தேடிக் கொடுத்தவர், தன் சொந்தப் பெயரை மறைத்துத்தான் ஆரம்பித்திருக்கிறார்!

அடுத்த வருடம், 1897 மே மாதம், நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் மனிதநேயக் குழு என்ற அமைப்பைத் தொடங்கினார். பாலினச் சிறுபான்மையினர் உரிமைக்கான உலகின் முதல் அமைப்பு என்று வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். 175-ஐ நீக்கச் சொல்லி அவர்கள் தயாரித்த மனுவை 1898-ல் ஆகஸ்ட் பேபெல் என்ற தலைவர் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். பின்னாளில் ஐன்ஸ்டைன், தாமஸ் மான் போன்றவர்களும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இருந்தும் சட்டம் அசையவில்லை.

ஒரு சொல் பிறக்கிறது

ஆண் என்று பதிவாகிப் பெண் உடையில் வாழ்பவர்களும், பெண் என்று பதிவாகி ஆண் உடையில் வாழ்பவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் இவர்களையும் ஓரினச்சேர்க்கையாளர் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் 17 பேரின் வாழ்க்கையை உட்கார்ந்து கேட்டு, 1910-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். யாரை விரும்புகிறோம் என்பது வேறு, தன்னை யாராக உணர்கிறோம் என்பது வேறு என்பதை அந்தப் புத்தகம் பிரித்துக் காட்டியது. இவர்களுக்காக அவர் உருவாக்கிய சொல்தான் 'டிரான்ஸ்வெஸ்டைட்'. லத்தீன் மொழியில் 'கடந்து' என்பதற்கும் 'உடை' என்பதற்கும் உள்ள சொற்களைச் சேர்த்துச் செய்தது.

ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும்? அன்றைய பெர்லினில் நிறையவே ஆனது. வேறு பாலின உடை போடுவதற்கு எதிராகத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் பொது இடத்தில் தொந்தரவு என்ற பெயரில் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். ஹிர்ஷ்ஃபெல்டும் அவரது சக மருத்துவர்களும் சான்று எழுதிக் கொடுக்க, 1910-ஐ ஒட்டிய காலத்தில் பெர்லின் போலீஸே ஒரு அட்டை வழங்க ஆரம்பித்தது. இவர் இந்த உடையில் நடமாடுவது போலீஸுக்குத் தெரிந்த விஷயம் என்பதுதான் அதன் சாரம். ஒரு லேபிள் கைது வாரண்டாக இல்லாமல் கேடயமாக மாறியது அப்போதுதான்.

1923-ல் 'டிரான்ஸ்செக்சுவல்' என்ற சொல்லின் ஆரம்ப வடிவத்தையும் அவர் பயன்படுத்தினார். அவரோடு பழகிய ஹாரி பெஞ்சமின் என்ற மருத்துவர், பிறகு அமெரிக்காவில் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார்.

வீடு கொடுத்த நிறுவனம்

1919 ஜூலையில் பெர்லினின் டியர்கார்டன் பகுதியில் பாலியல் அறிவியல் நிறுவனத்தைத் திறந்தார். மருத்துவமனை, நூலகம், அருங்காட்சியகம், ஆலோசனை மையம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். காசில்லாதவர்களுக்கு ஆலோசனை இலவசம்.

வேறெங்கும் வேலை கிடைக்காத திருநங்கைகள் சிலருக்கு அங்கேயே வீட்டுவேலை கிடைத்தது. அவர்களில் ஒருவர் டோரா ரிக்டர். 1892-ல் பொஹீமியாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1922-ல் தொடங்கி 1931 வரை கட்டம் கட்டமாக அவருக்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. ஆவணங்களில் பதிவான முதல் முழுமையான பாலின உறுதிப்படுத்தும் அறுவை சிகிச்சைகளில் ஒன்று அது.

அவர் செய்ததெல்லாம் சரியா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

முதல் சிக்கல், அந்தச் சொல்லே. உடையை வைத்து ஒருவருக்குப் பெயர் வைத்தால், அவருடைய அடையாளமே சேலை, கோட்டு என்று சுருங்கிப்போகும். பெண்ணாகவே வாழ்ந்த டோராவும், வீட்டுக்குள் எப்போதாவது பெண் உடை போட்டுப்பார்த்த ஓர் ஆணும் ஒரே பெட்டியில் விழுந்தார்கள்.

இரண்டாவது சிக்கல், படங்கள். அவருடைய நூல்களிலும் நிறுவனத்தின் சுவரிலும் இப்படிப்பட்டவர்களின் புகைப்படங்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றில் உடையே இல்லை. அறிவியலுக்காக என்றுதான் மாட்டினார். ஆனால் அந்தச் சுவரின் முன்னால் சுற்றுலாப் பயணிகளும் நின்றார்கள். படத்தில் இருந்தவர், தன்னை இத்தனை கண்கள் பார்க்கும் என்று தெரிந்துதான் சம்மதித்தாரா? இன்றைக்கு ஒரு வீடியோவுக்குக் கீழே நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான். போதாததற்கு, அந்தக் காலத்து அறிவாளிகள் பலரைப் போல இனமேம்பாட்டுக் கொள்கையிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. இன்று அதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

'குப்பை' என்று ஒரு முத்திரை

1920-களின் பெர்லினில் பெட்டிக்கடைகளிலேயே பாலினச் சிறுபான்மையினருக்கான பத்திரிகைகள் கிடைத்தன. பெண்களை விரும்பும் பெண்களுக்காக 1924-ல் தொடங்கிய 'டி ஃப்ராய்ண்டின்' இதழில், திருநர்களுக்கென்றே தனிப் பக்கங்கள் வந்தன. உடை, வேலை, குடும்பம், போலீஸ் தொல்லை என்று தங்கள் அன்றாடத்தைத் தாங்களே அதில் எழுதினார்கள்.

1926 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. குப்பை, அசிங்க எழுத்துகளில் இருந்து இளைஞர்களைக் காப்பதுதான் நோக்கம் என்றார்கள். பட்டியலில் ஏறிய பத்திரிகையை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, கடையில் வெளியே தெரியும்படி தொங்கவிடக் கூடாது. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். நடந்தது என்ன? 'டி ஃப்ராய்ண்டின்' இந்தச் சட்டத்தில் 1928-ல் சிக்கி, சில காலம் நின்றேபோனது. ஆபாசப் படத்துக்கும், ஒரு திருநங்கை தன் வேலை தேடிய கதையை எழுதியதற்கும் ஒரே முத்திரை.

இன்றைய தளங்களில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். 'டிரான்ஸ்' என்ற சொல் இருந்தாலே வயது வந்தோருக்கானது என்று ஒதுக்கிவிடும் ஃபில்டர், சிகிச்சை பற்றிய தகவலையும் சேர்த்தே மறைத்துவிடும். பாலியல் காட்சிக்கு 18+ முத்திரை தேவை. ஒரு மனிதரின் பாலினத்துக்கு அந்த முத்திரை எதற்கு?

நெருப்பு

ஹிர்ஷ்ஃபெல்ட் யூதர், ஆண்களை விரும்புபவர், இடதுசாரிச் சாய்வு கொண்டவர். நாஜிகளுக்கு வெறுக்க ஒரு காரணமே போதும், இவரிடம் மூன்று இருந்தன. 1920-லேயே மியூனிக்கில் அவரை அடித்துப் போட்டார்கள். இறந்துவிட்டார் என்று பத்திரிகைகளில் செய்தியே வந்துவிட்டது. தன் இரங்கல் செய்தியைத் தானே படித்த மனிதர் அவர்.

1930 கடைசியில் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்கா கிளம்பியவர், உலகத்தையே சுற்றினார். 1931-ல் இந்தியாவுக்கும் வந்தார். இந்திய விடுதலையை ஆதரித்தார். இந்தியாவைக் கேவலமாகச் சித்திரித்து கேத்தரின் மேயோ எழுதிய புத்தகத்தை மறுத்து எழுதினார். வெளியே இருந்து ஒட்டப்படும் லேபிள் எவ்வளவு சுடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

1933 மே 6-ம் தேதி நாஜி மாணவர்கள் அவருடைய நிறுவனத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து, அந்த நூலகத்தின் ஆயிரக்கணக்கான நூல்களும் ஆவணங்களும் ஓப்பரா சதுக்கத்தில் எரிந்தன. நாஜி புத்தக எரிப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் நாம் பார்க்கும் அதே நெருப்புதான். அதில் போனது திருநர்களைப் பற்றிய உலகின் முதல் பெரிய ஆவணத் தொகுப்பு என்பது மட்டும் பல காலம் யாரும் சொல்லாத செய்தி. பாரிஸில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட், சினிமா தியேட்டரில் ஓடிய செய்திப்படத்தில்தான் அந்த நெருப்பைப் பார்த்தார்.

தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1935 மே 14, தன் 67-வது பிறந்தநாள் அன்று, பிரான்ஸின் நீஸ் நகரில் இறந்தார். 175-வது பிரிவு முழுசாக நீங்கியது 1994-ல். மனுவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோன பேபெலின் பெயரைத்தான் இப்போது அந்த ஓப்பரா சதுக்கம் தாங்கி நிற்கிறது.

சரி, சொல் என்ன ஆனது?

கேடயமாகப் பிறந்த சொல், அடுத்த சில பத்தாண்டுகளில் நோயின் பெயராகி, கேலியாகி, கடைசியில் ஆபாசச் சந்தையின் கேட்டகரியாகவும் ஆனது. இன்று பெரும்பாலான திருநர்கள் அதைத் தங்களுக்குப் பயன்படுத்துவதில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில், திருநர் அடையாளம் மனநோய்ப் பிரிவில் இல்லை. ஜெர்மனியில் 2024 நவம்பர் முதல், பாலினப் பதிவை மாற்ற மருத்துவர் சான்று தேவையில்லை. தானே அறிவித்தால் போதும்.

நம் ஊரிலும் இதே பயணம் உண்டு. ஓர் எண்ணைக்கூட வசைச்சொல்லாக மாற்றி, சினிமா காமெடியில் சிரித்தவர்கள் நாம். அங்கிருந்துதான் 'திருநங்கை', 'திருநம்பி' என்ற சொற்களுக்கு வந்தோம். 2008-ல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தொடர்ந்து வலியுறுத்தியதால், 2022 ஆகஸ்டில் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. என்னைப் போல செய்திக்குத் தலைப்பு வைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பட்டியல்.

ஹிர்ஷ்ஃபெல்டின் வாழ்க்கையில் இருந்து டேக் போடுபவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை எளிமையானவை. அவர் தன்னை எந்தச் சொல்லால் அழைத்துக்கொள்கிறாரோ, அதையே போடுங்கள். உடல் உறுப்பையோ உடையையோ மனிதருக்குப் பெயராக வைக்காதீர்கள். வயது முத்திரை காட்சிக்கு இருக்கட்டும், அடையாளத்துக்கு வேண்டாம். சம்மதம் இல்லாத படத்துக்கு எவ்வளவு மரியாதையான டேக் போட்டாலும் அது மரியாதை ஆகாது. ஒரு காலத்தில் நல்ல சொல்லாக இருந்தது என்பதற்காகப் பிடித்துக்கொண்டும் இருக்காதீர்கள். சொல் கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம், அவ்ளோதான்.

கடைசியாக டோரா. 1933 சூறையாடலிலேயே அவர் கொல்லப்பட்டிருப்பார் என்றுதான் ரொம்ப காலம் எழுதிவந்தார்கள். 'நாஜிகளுக்குப் பலியானவர்' என்பதே அவருடைய லேபிள். அண்மையில் ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது உண்மை தெரியவந்தது. அவர் பிழைத்திருந்தார். 1934-ல் தன் பெயரைச் சட்டப்படி டோரா என்று மாற்றிக்கொண்டார். 1966 வரை ஜெர்மனியின் ஒரு சின்ன ஊரில் அந்தப் பெயரோடுதான் வாழ்ந்து முடித்தார்.

உலகம் அவருக்கு எத்தனையோ பெயர் வைத்தது. பதிவேட்டில் நின்றது அவரே வைத்துக்கொண்ட பெயர்.