கத்திப் பிடியும் லியோ பேக்லண்டும்

வடக்கே மருதமுனை முதல் தெற்கே அக்கரைப்பற்று வரை நீளும் எங்கள் கரையோர ஊர்களில், மீனும் இறைச்சியும் அரியாத அடுக்களை அரிது. கத்தியின் அலகைப் புகழ்வோர் பலர். பிடியை நினைப்போர் சிலரே. மரத்தையும் மாட்டுக் கொம்பையும் பற்றிப் பழகிய கைகளுக்குக் கறுத்து மினுங்கும் செயற்கைப் பிடி எவ்வாறு வந்தது என ஆராயப் புகுந்த நான் கண்டது, ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகனுடைய வரலாறு.

லியோ பேக்லண்ட் 1863ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் கென்ற் நகரிற் பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தைத்தவர். தாயார் பிறர் வீடுகளிற் பணிசெய்தவர். வறுமை அவர் கல்வியைத் தடுக்கவில்லை. 1884இல் இரசாயனத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1889இல் தம் பேராசிரியரின் மகள் செலினை மணந்து, அவ்வாண்டே அமெரிக்கா சென்றார். அங்கு அவர் ஆக்கிய 'வெலொக்ஸ்' என்னும் ஒளிப்படத் தாளை 1899இல் ஈஸ்ற்மன் கொடாக் நிறுவனம் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. அதனாற் செல்வரானவர், ஓய்ந்திருக்க மனங்கொள்ளவில்லை. யொங்கர்ஸ் என்னும் ஊரில் தம் இல்லத்தையொட்டி ஆய்வுகூடம் அமைத்தார்.

அக்காலத்தில் மின்கம்பிகளுக்குக் காப்பிடும் பொருளாக அரக்கு வேண்டப்பட்டது. இந்தியக் காடுகளில் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் அவ்வரக்கு, பெருகிவந்த தேவைக்குப் போதவில்லை. அதற்கு மாற்றுத் தேடினார் பேக்லண்ட். பீனோலும் போமல்டிகைட்டும் சேர்ந்தால் ஒரு பிசின் பிறக்குமென்பதை ஜெர்மானிய அறிஞர் பையர் 1872இலேயே கண்டிருந்தார். எனினும் கலத்தைக் கெடுக்கும் கழிவெனவே அது கருதப்பட்டது. வெப்பத்தையும் அமுக்கத்தையும் ஒருங்கே ஆண்டு அக்கழிவைப் பேக்லண்ட் வசப்படுத்தினார். 1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1909இல் அது கிட்டிற்று. 'பேக்லைற்' பிறந்தது. முற்றிலும் செயற்கையாக ஆக்கப்பட்ட முதற் பிளாஸ்டிக்கு இதுவே.

இதற்கு முன் யானைத் தந்தம் போலத் தோன்றும் செலுலொயிட்டிலும் கத்திப் பிடிகள் செய்தனர். அது எளிதில் தீப்பற்றும். பேக்லைற்றோ ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. துணியையோ தாளையோ அடுக்கி இத்தகைய பிசினில் ஊறவைத்து இறுக்கிய 'மைக்காற்றா' இன்னும் வலியது. நெசவுக்குப் பேர்பெற்ற மருதமுனையார்க்கு அவ்வலிமையின் இரகசியத்தை விளக்கவேண்டியதில்லை: பாவும் ஊடும் தாங்குவதால் அது பேக்லைற்றைப் போல எளிதில் நொறுங்குவதில்லை.

எனினும் அழியாதது என்று எதுவுமில்லை. பேக்லைற் பிடி கல்தரையில் வீழ்ந்தால் வெடிக்கும். நெருப்பில் உருகாவிடினும் கருகும். வெயிலில் நெடுநாட் கிடந்தால் மினுக்கம் இழக்கும். சோடாக் காரத்திலும் கொதிநீரிலும் ஊறினால் மேற்பரப்பு கெடும். எம் கரையோரத்திற்கோ வேறொரு பகையுண்டு. உப்புக்காற்றுப் பட்டுப் பிடிக்குள் இருக்கும் இரும்புத் துருவேறிப் பருக்கும். பருத்த துரு பிடியைப் பிளக்கும். பிளவில் மீன்நீர் தங்கிக் கிருமி வளரும். ஆடும் பிடி விரலையும் அறுக்கும். ஆதலால், கழுவியவுடன் துடைத்து உலரவைத்து, அலகும் பிடியும் கூடுமிடத்தில் ஒரு துளி எண்ணெய் தடவுதல் நன்று.

பேக்லண்டின் இறுதிக்காலம் தனிமையிற் கழிந்தது. தகரப் பேணியில் அடைத்த உணவையே உண்டு வாழ்ந்தார். 1939இல் அவர் நிறுவனம் யூனியன் கார்பைட்டின் கைக்கு மாறியது. 1944 பெப்ரவரி 23ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்துப் பீக்கன் நகரில் அவர் மறைந்தார்.

அவர் தந்த பொருளின் பெருமை, உருகாமை. அதன் குறையும் அதுவே. உடைந்த இரும்பைக் கொல்லன் உலையிலிட்டு மீட்பான். உடைந்த பேக்லைற்றை எவரும் உருக்கி வார்க்கவியலாது. மண்ணிலும் அது எளிதில் மக்காது. ஆகவே அத்தகைய பொருளைப் பேணிக் காத்தல் சிக்கனம் மட்டுமன்று, நம் மண்ணுக்கும் கடலுக்கும் நாம் செய்யும் கடமையுமாகும் என்பது என் துணிபு.