குழாயில் இருந்த ரகசியம்

ஜெர்மனியில் 1919-ம் ஆண்டு பிறந்தவர் வால்ட்டர் காடன். அந்நாளைய கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில், 1953 முதல் பந்தயப் பிரிவைக் கவனித்து வந்தார்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு குறை உண்டு. உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பகுதி, எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும்.

காடன் கண்ட வழி

முன்பே சிலர் முயன்ற ஒரு குழாயைக் காடன் சீர்திருத்தினார். அதன் நடுப்பாகம் பெருத்திருக்கும், முனை சிறுத்திருக்கும். புகையின் அலை முனையில் மோதித் திரும்பும். தப்பி ஓடும் பெட்ரோலை மீண்டும் என்ஜினுக்குள் தள்ளும். காற்று நுழையும் வழியில் சுழலும் தட்டு ஒன்றை வைத்தார். 1961-ல் 125 சி.சி. என்ஜின் 25 குதிரை சக்தி கொடுத்தது!

பறிபோன ரகசியம்

அதே ஆண்டு, அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பிச் சென்றார். ரகசியத்தோடு ஜப்பானின் சுசூகி கம்பெனியில் சேர்ந்தார். 1962-ல் 50 சி.சி. உலகப் பட்டம் சுசூகிக்கு! காடனோ தாய்நாட்டிலேயே இருந்தார், 1996-ல் காலமானார்.

அதே சுசூகியின் துணையோடு, 1980-களில் நம் ஓசூரிலும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் தயாராயின. சத்தத்துக்காகச் சைலன்சரை மட்டும் மாற்றினால் வேகம் வராது. காற்று வரும் வழியும் புகை போகும் வழியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். காடன் காட்டிய பாடம் இதுதான்.