ராபர்ட் புரூஸ் ஃபூட்

ராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 – டிசம்பர் 29, 1912) ஆங்கிலேய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தையாகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் பிறந்தார். 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, தென்னிந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றினார். இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர்.

சென்னைப் பகுதியின் படிவுப் பாறைகள்

ஆறுகள் அடித்துவரும் சேறும் மணலும் கூழாங்கற்களும் நீரடியில் அடுக்கடுக்காகப் படிந்து, மேலடுக்குகளின் எடையால் இறுகிப் படிவுப் பாறைகளாகின்றன. துகளின் பருமனைக் கொண்டு இவை களிப்பாறை, மணற்கல், உருள்திரள் பாறை என வகைப்படுத்தப்படுகின்றன. ஆவடி, கோவில்பதாகை முதலிய ஊர்களைச் சூழ்ந்த சமவெளியில் இவை பெரும்பாலும் வண்டலுக்கடியில் மறைந்துள்ளன. எனவே கிணறுகளும் ஓடைக்கரைகளுமே சான்று தருவன. பாலாற்றுக்கு வடக்கிலுள்ள நிலப்பகுதியின் அமைப்பை ஃபூட் 1873 இல் நூலாக வெளியிட்டார். திருப்பெரும்புதூர்க் களிப்பாறைகளும் சத்தியவேட்டு மணற்கற்களும் அதில் இடம்பெற்றன. முன்னவற்றில் நிலத் தாவரங்களின் இலைப் பதிவுகளோடு கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்களும் கிடைப்பதால், அவை கடலோரத்தில் படிந்தவை என அறியலாம். அவற்றின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

கற்கருவிகள்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழியொன்றில் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். எனினும் தோண்டிக் கொட்டிய கல்லிலிருந்து கிடைத்த கருவி எந்த அடுக்குக்கு உரியது என்று உறுதிசெய்ய இயலாது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்திற்குச் சென்றபோது, கருவிகள் அடுக்கிலேயே பதிந்திருக்கக் கண்டார். ஐரோப்பாவைப் போலவே இந்தியாவிலும் மனிதன் மிகத் தொன்மையானவன் என்பதற்கு இது சான்றாயிற்று.

கருவிகள் கிடைத்த செம்புரைக்கல் அடுக்குகள் கடலில் படிந்தவை என ஃபூட் முதலில் எண்ணினார். இக்கருத்து பின்னர் ஏற்கப்படவில்லை. ஆயினும் கருவியைவிட அது கிடந்த அடுக்கே முதன்மையானது என்ற அவரது அணுகுமுறை நிலைத்தது.

பிற்காலம்

1891 இல் ஓய்வுபெற்றபின் பரோடா, மைசூர் சமத்தானங்களில் நிலவியலாளராக இருந்தார். ஏற்காட்டில் வாழ்ந்தார். கல்கத்தாவில் காலமானார். இவர் திரட்டிய தொல்பொருட்களை 1904 இல் சென்னை அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது.

சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் மீண்டும் அகழ்ந்து, அங்குள்ள கருவிகளுட் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011 இல் அறிவித்தனர். ஃபூட்டின் காலத்தில் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் வயதை அளக்கும் முறை எதுவும் இருக்கவில்லை.