தோட்டத்துக் காய்ச்சலுக்கு வழி கண்ட மால்கம் வாட்சன்: யார் இவர்?

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியா கோலகங்சாருக்கு கார்ல போயிருக்கீங்களா? இப்போது வழி நெடுக செம்பனையும் தாமான் வீடுகளும்தான். ஒரு காலத்தில் பேராக்கின் இந்தக் குன்றுப் பக்கங்களில் ரப்பர் தோட்டங்கள் நிறைய இருந்தன. மலாயா ரப்பரின் ஆரம்பமே கோலகங்சாரில் 1877-ல் நட்ட கன்றுகள்தான்.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த தமிழர்களை அதிகம் கொன்றது எது? பாம்போ புலியோ இல்லை. கொசு.

1900-களின் தொடக்கத்தில் மலாயாவின் சில தோட்டங்களில் ஒரே வருஷத்தில் ஆயிரம் பேருக்கு நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். கப்பலேறி வந்து சில மாதங்களிலேயே காய்ச்சலில் போனவர்கள் ஏராளம். அதைத் தலைவிதி என்று விடாமல், வேலையிடத்தில் இருக்கும் ஆபத்தாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் மால்கம் வாட்சன்.

கிள்ளானில் என்ன நடந்தது?

ஸ்காட்லாந்தில் 1873-ல் பிறந்த வாட்சன், கிளாஸ்கோவில் மருத்துவம் படித்துவிட்டு 1900-ல் மலாயா அரசாங்க மருத்துவச் சேவையில் சேர்ந்தார். 1901-ல் கிள்ளானுக்கு அனுப்பப்பட்டார். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. நிறைய அதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

அதே வருஷம் செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. கொஞ்ச நாளிலேயே அங்கே வேலை செய்தவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. வாட்சன் கேட்டது காட்டை வெட்டவும், சதுப்பை வடிக்கவும், வாய்க்கால் தோண்டவும் பணம். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-ல் 582 ஆக இருந்த சாவு எண்ணிக்கை, 1902-ல் 144 ஆனது.

இதோடு கதை முடிந்திருந்தால் வாட்சன் பெயர் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

குன்றில் ஏன் தோற்றது?

ரப்பர் விலை ஏறியதும் தோட்டங்கள் குன்றுகளில் ஏறின. கிள்ளானில் பலித்த அதே வைத்தியத்தை அங்கேயும் செய்தார்கள். காட்டை வெட்டினார்கள், ஓடையைச் சுத்தம் பண்ணினார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடியது.

காரணம், அது வேற கொசு. கடலோரச் சதுப்பில் இருந்தது அனோபிலஸ் அம்ப்ரோசஸ். அதற்கு நிழல் வேணும். குன்றில் இருந்தது அனோபிலஸ் மாக்குலாட்டஸ். அதற்குத் தெளிந்த தண்ணீரும் நல்ல வெயிலும்தான் பிடிக்கும். அங்கே காட்டை வெட்டுவது அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பது மாதிரி. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த ஓடைதான் ஆளைக் கொன்றது.

வாட்சன் இதை எப்படிப் பிடித்தார்? தோட்டம் தோட்டமாகப் போய் லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்ப மலேரியா வந்தால் மண்ணீரல் வீங்கும். எந்த லயத்தில் எத்தனை பிள்ளைக்கு வீக்கம், அந்த லயம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கு எழுதினார். இன்றைக்கு நாம் ஆபத்து மதிப்பீடு என்று சொல்கிறோமே, அதுதான் இது.

பேராக்கின் வடக்கே கிரியான் வயல்வெளியும் இந்தக் கணக்கில் வந்தது. பெரிய பாசனத் திட்டம் வந்து எங்கும் தண்ணீர் நின்ற இடம். நெல் வயல் என்றாலே மலேரியா என்பது அப்போதைய நம்பிக்கை. ஆனால் அங்கே பிள்ளைகளுக்கு வீக்கம் ரொம்பக் குறைவு. ஆக தண்ணீர் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எந்தத் தண்ணீரில் எந்தக் கொசு என்பதுதான் கேள்வி.

அப்புறம் குன்றுத் தோட்டங்களுக்கு வேறு வழி வந்தது. ஓடையை வெயில் படாமல் மண்ணுக்கடியில் குழாயில் ஓடவிட்டார்கள். முடியாத இடங்களில் தண்ணீர் மேல் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப்புழு மேலே வந்துதான் மூச்சு விடணும். எண்ணெய்ப் படலம் இருந்தால் முடியாது. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கொயினா கொடுப்பதும் நடந்தது. அது ஒவ்வோர் ஆளாகப் பார்த்துச் செய்வது. குழாய் போட்டால் ஆபத்து மூலத்திலேயே குறையும். இன்றைய பாதுகாப்புப் பயிற்சிகளிலும் வரிசை இதுதான்: முதலில் ஆபத்தை நீக்கு, முகக்கவசமும் கையுறையும் கடைசி.

யார் செலவு, யார் உழைப்பு?

1908-ல் வாட்சன் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களுக்கே மருத்துவரானார். முதலாளிகள் அவர் பேச்சைக் கேட்டது கருணையால் மட்டும் இல்லை. காய்ச்சலில் படுத்தவர் பால் வெட்ட மாட்டார். புது ஆளைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவர காசு ஆகும். 1911-ல் மலேரியா ஆலோசனை வாரியம் வந்தது. அதே வருஷம் வாட்சனின் புத்தகமும் வெளிவந்தது. 1924-ல் அவருக்கு சர் பட்டம். பிறகு லண்டனில் ராஸ் கழகத்தில் வேலை செய்தார், ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கங்களுக்கும் இதே முறையைக் கொண்டுபோனார். 1955-ல் காலமானார்.

அந்தக் காலுவாய்களைத் தோண்டியவர்களும், எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடை ஓடையாக நடந்தவர்களும் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளிகள்தான். அவர்களுக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை.

மலேரியா அடங்கிய பிறகு தோட்டத்துக்கு வேறு ஆபத்து வந்தது. முதுகில் தோம்பு மாட்டிக் களைக்கொல்லி அடித்த பெண்களை நம்மில் பலருக்குத் தெரியும், சிலருக்கு அது சொந்தப் பாட்டி. அந்த மருந்துகளில் ஒன்றான பாராக்குவாட், மலேசியாவில் 2020 ஜனவரி 1-ல்தான் தடை செய்யப்பட்டது. 1994-ன் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-ல் நடப்புக்கு வந்தது. அதன்படி முதலாளி ஆபத்து மதிப்பீடு செய்தே ஆகணும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கணும். உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றி, முதலாளி அதைச் சரிசெய்யவும் இல்லை என்றால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். லயத்தில் குளிர் காய்ச்சலோடு படுத்திருந்த தலைமுறைக்கு இல்லாத உரிமை அது.