ஏகபோகத்தை எதிர்த்த வக்கீல்: ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளை

வலியார் மெலியாரை வருத்தும் வழிகள் பல. படைகொண்டு வருத்துதலை எல்லோரும் அறிவர். விலைகொண்டு வருத்துதலை அறிவார் சிலரே. ஓர் ஊரில் சிறு கடைகள் நாலைந்து இருக்கின்றன. பெருமுதல் உடையான் ஒருவன் அங்கு வந்து, கொள்முதலுக்கும் குறைந்த விலையிற் சரக்கை விற்கத் தொடங்குகிறான். ஊரார் முதலில் மகிழ்ந்து அவனிடமே செல்கின்றனர். சிறு கடைக்காரர் ஒவ்வொருவராகக் கதவடைத்த பின்னர், அவன் வைத்ததே விலை, அவன் கொடுத்ததே சரக்கு என்றாகிறது. முன்பு மகிழ்ந்தவரே பின்பு வருந்துகின்றனர். இதனையே ஏகபோகம் என்பர்.

இந்த அநீதியை அடக்குவதற்கென்றே இக்காலத்தில் தனிச் சட்டம் உண்டு. தனி ஆணையமும் உண்டு. அவ்வழக்குகளையே தம் தொழிலாகக் கொண்ட வக்கீல்களும் உளர். அத்தகைய சட்டம் நம் நாட்டில் தோன்றுதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, சட்டத்தின் துணையின்றி, ஒரு பெரிய ஏகபோகத்தை எதிர்த்து நின்றார் ஒரு வக்கீல். அவரே ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். கப்பலோட்டிய தமிழர் என்று அவரை அறியாதார் இலர். அவர் வக்கீலாயிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கடலைக் காணாத பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் வாழும் நமக்குக் கப்பற் கதை எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். அவ்வினாவுக்கு விடை இக்கட்டுரையின் இறுதியிற் கிடைக்கும்.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மையார். தந்தையாரும் வக்கீலே. ஆகவே வழக்கும் வாதமும் அவருக்குச் சிறுவயது முதலே வீட்டிற் கேட்ட பேச்சு. தாலுகா ஆபீஸில் சிறிது காலம் குமாஸ்தாவாக இருந்த பின்னர், தந்தையார் அவரைச் சட்டம் பயிலத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பினார். அக்காலத்தில் நம் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவை. நம் முன்னோர் வழக்கு நிமித்தமாக வண்டிகட்டிச் சென்ற அதே நகரிலேதான் பிள்ளையவர்கள் சட்டப் புத்தகமும் கையுமாகத் திரிந்தார் என்று நினைக்குங்கால் நமக்கு ஓர் உறவுணர்ச்சி உண்டாகின்றது. 1894-இல் பரீட்சையில் தேறி, மறு ஆண்டில் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

அவர் பெரும்பாலும் எடுத்து நடத்தியவை கிரிமினல் வழக்குகள். போலீஸாரால் வழக்கிற் சிக்கவைக்கப்பட்ட ஏழைகள் அவரை நாடி வந்தனர். கையிற் பணம் இல்லாதார்க்கும் அவர் வாதாடினார். அதிகாரிகளின் முகம் பார்த்து வாதத்தை அடக்கிக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. அதனால் போலீஸார் பகை வளர்ந்தது. மகனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய தந்தையார், 1900-ஆம் ஆண்டில் அவரைத் தூத்துக்குடிக்குச் சென்று தொழில் நடத்தும்படி செய்தார். பகைக்கு அஞ்சி அனுப்பப்பட்ட இடத்திலே அதனினும் பெரிய பகை அவருக்காகக் காத்திருந்தது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பற் போக்குவரத்து அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. நம்மவர் சரக்கு ஏற்றுவதாயினும், பிரயாணம் செய்வதாயினும், அக்கம்பெனி விதித்த கட்டணமே கட்டணம். வியாபாரிகளின் இக்குறையை வக்கீலாகிய பிள்ளையவர்கள் நேரிற் கண்டார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. முதல் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவராயினர். பிள்ளையவர்கள் உதவிக் காரியதரிசி. பெயரளவில் உதவி, உண்மையில் முழுச் சுமையும் அவர் தோள்மேல் இருந்தது. பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வைத்தது சிறு வியாபாரியும் சேரக்கூடும் என்ற கருத்தினாலேயாகும்.

கம்பெனிக்கு முதலிற் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றினிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். எதிர்க் கம்பெனியார் நெருக்கவே, வாடகைக்குக் கொடுத்தவர் பின்வாங்கினர். கொழும்பிலிருந்து வேறு கப்பல் வருவித்துப் போக்குவரத்து நில்லாமற் காத்தார் பிள்ளையவர்கள். பின்னர்த் தாமே பம்பாய் சென்று முயன்றார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. அவை துறைமுகம் வந்த நாளில் தூத்துக்குடி மக்கள் அடைந்த களிப்புக்கு அளவில்லை.

அதன்பின் விலைப்போர் மூண்டது. எதிர்க் கம்பெனியார் கொழும்புப் பிரயாணத்திற்கு ஆள் ஒன்றுக்கு 1 ரூபாய் என்று கட்டணத்தைக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் 8 அணாவாக்கினர். உடனே எதிர்க் கம்பெனியார் கட்டணமே வேண்டாம், இலவசமாக ஏறுங்கள் என்றதுடன், ஏறினவருக்குக் குடை ஒன்றும் கொடுத்தனர். மழைக்குக் குடை கொடுப்பது தருமம் போலத் தோன்றும். ஆயினும் அக்குடையின் விலை ஒருநாள் பயணியிடமிருந்தே வாங்கப்படும் என்பதைப் பிள்ளையவர்கள் உணர்ந்திருந்தார். பல கடல்களிலும் கப்பலோட்டிய கம்பெனிக்கு ஒரு வழியில் வந்த நஷ்டம் பொருட்டன்று. இரண்டே கப்பலுடைய கம்பெனிக்கு அதுவே உயிர்நிலை.

இங்கே அன்பர்கள் ஒன்று கேட்பர். பிள்ளையவர்கள் வக்கீலாயிற்றே, எதிர்க் கம்பெனி செய்தது அநீதியாயின் நியாயஸ்தலத்தில் ஏன் வழக்கிடவில்லை? அதற்குரிய சட்டம் அன்று இல்லை என்பதே விடை. சீன தேசத்துத் தேயிலையை ஏற்றி வந்த கப்பல் முதலாளிகள் பலர் ஒன்றுகூடி, கூட்டத்திற் சேராத மொகல் ஸ்டீம்ஷிப் கம்பெனியைத் துரத்தும் பொருட்டுக் கட்டணத்தை வீழ்த்தினர். அக்கம்பெனி இங்கிலாந்தில் வழக்கிட்டது. 1891-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டு மேன்மையான நியாயஸ்தலமாகிய பிரபுக்கள் சபை அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. வன்முறையும் வஞ்சனையும் இல்லாதபோது, போட்டியாளனை ஒழிக்கவே விலையைக் குறைத்தாலும் அது வியாபாரமே. குற்றமன்று என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆங்கிலச் சட்டத்தின் கீழிருந்த நம் நாட்டில், கப்பற் கம்பெனி ஒன்று இலவசமாக ஆள் ஏற்றிய செயலை எதிர்த்து எந்த வக்கீல் எந்தக் கோர்ட்டுப் படியேற முடியும்?

அதே காலத்தில் அமெரிக்காவிலோ நிலைமை வேறு. அங்கு 1890-இலேயே ஷெர்மன் என்பார் பெயரால் ஏகபோகத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ராக்பெல்லருடைய ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனியின்மீது அரசாங்கம் வழக்கிட்டது. பிராங்க் கெல்லாக் என்னும் வக்கீல் அரசாங்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். 1911-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நியாயஸ்தலம் அக்கம்பெனியை உடைக்கும்படி தீர்ப்பளித்தது. அது 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. கெல்லாக் பின்னாளில் மந்திரிப் பதவியும் நோபல் சமாதானப் பரிசும் பெற்றார். நம் பிள்ளையவர்களின் கம்பெனி கலைக்கப்பட்டதும் அதே 1911-ஆம் ஆண்டிலேதான். ஒரு தேசத்தில் ஏகபோகம் உடைந்த ஆண்டில், மற்றொரு தேசத்தில் ஏகபோகத்தை எதிர்த்தவர் நிறுவிய கம்பெனி உடைந்தது. ஒரு வக்கீலுக்குச் சட்டமும் அரசாங்கமும் துணை நின்றன. மற்றொரு வக்கீலுக்கு அவ்விரண்டுமே பகையாயின.

பகையானமை எவ்வாறெனில், 1908-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது பிள்ளையவர்கள் அவர்களுக்குத் துணை நின்று வெற்றி தேடித் தந்தார். மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். ஜூலை மாதம் 7-ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, ராஜத்துரோகக் குற்றத்திற்கு ஓர் ஆயுள் தண்டனையும், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். கூட்டினால் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைக்கப்பட்டது. எனினும் கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அவர் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயிரம் பேருக்காக வாதாடிய வக்கீல், மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். தலைவர் சிறையிலிருக்கவே கம்பெனி தளர்ந்தது, கப்பல்கள் கைமாறின.

1912-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, சன்னதும் இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிற் குடியேறி, சிறு வியாபாரம் செய்து, வறுமையில் உழன்றார். அந்நிலையிலும் தமிழ் நூல்களைப் பதிப்பித்தலும் உரை வரைதலும் விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் அதிகாரத்தை எதிர்த்தவர் ஆங்கிலேயரான ஒரு நல்லவரை வெறுக்கவில்லை. மீண்டும் கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் நடத்தி, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி இறைவனடி சேர்ந்தார்.

அவர் காணாத சட்டம் பின்னர் வந்தது. 1969-இல் ஏகபோகத் தடைச் சட்டம் ஒன்றை நம் பார்லிமெண்டு இயற்றியது. அதனினும் விரிவானது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம். சந்தையில் மேலோங்கி நிற்பவன், போட்டியாளனை ஒழிக்கும் பொருட்டு அடக்க விலைக்கும் கீழே விற்பானாயின், அது இன்று குற்றம். குடை கொடுத்து இலவசமாக ஏற்றிச் சென்ற செயலை இன்று ஒரு வக்கீல் ஆணையத்தின் முன் நிறுத்தி விசாரிக்கச் செய்யலாம்.

இனி, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு விடை கூறுவோம். அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் நாம் நாள்தோறும் காண்பவை. 2012-ஆம் ஆண்டில் நாட்டின் பெரிய சிமெண்டுக் கம்பெனிகள் பதினொன்று தம்முட் கூடி விலையை உயர்த்தின என்று அவ்வாணையம் முடிவு செய்து, 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன; வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்தது. வீடு கட்டும் ஏழை ஒரு மூட்டைக்குக் கொடுக்கும் விலையும், பெரம்பலூர்ப் பக்கத்து உழவர் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் பெறும் விலையும், வாங்குவோர் விற்போர் தம்முள் நியாயமாகப் போட்டியிடுகின்றனரா என்பதைப் பொறுத்தவை. ஆகவே கப்பற் கதை நம் கதையே.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் சட்டம் படிக்கும் பிள்ளைகளும் பெண்களும் இப்பொழுது பலர் உளர். பிள்ளையவர்களை எந்த ஒரு வகுப்பாரும் தமக்கே உரியவராகச் சொல்லிக்கொள்ளுதல் தகாது. அவர் எல்லார்க்கும் வாதாடியவர். நிலத் தகராறும் பாகப்பிரிவினையுமே வக்கீல் தொழில் என்று எண்ணியிராமல், இந்தப் புதிய துறையையும் நம் இளைஞர் கற்றல் வேண்டும். சட்டம் இல்லாத காலத்தில் ஒருவர் தம் பொருளையும் தொழிலையும் இழந்து செய்ததை, சட்டம் உள்ள காலத்தில் நாம் ஓரளவேனும் செய்யாதிருப்போமாயின், அது நமக்குப் பெருமை ஆகாது. பெற்றோர் இதனைத் தம் மக்களுக்கு வாசித்துக் காட்டுவார்களென நம்புகின்றோம்.