முத்துலட்சுமி அம்மையார்

பிறர் துயர் கண்டு இரங்குவோர் பலர். தமக்கு நேர்ந்த துயரையே பிறர் துயர் துடைக்கும் கருவியாக்கிக் கொள்வோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, தாயார் சந்திரம்மாள். பெண்கள் பருவம் எய்தியதும் வீட்டில் அடைபட்டிருந்த காலம் அது. எதிர்ப்புகளுக்கிடையே புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார்.

மருத்துவராய்ப் புகழ்பெற்று விளங்கிய அம்மையாரின் இல்லத்திலேயே ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. அவருடைய தங்கையார் நோயுற்றார். அது வயிற்றுக்கடுப்பு என்றே முதலில் கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய். நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கை உயிர் நீத்தார். நோயைக் காலத்தில் அறியாமையே உயிரைப் பறித்தது என்னும் எண்ணம் அம்மையாரின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1925இல் அவர் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே மகளிர், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் பயின்றதோடு, புற்றுநோய்க்கென்றே அமைந்த மருத்துவமனையையும் கண்டார். அத்தகைய மருத்துவமனை ஒன்று சென்னையிலும் அமைய வேண்டும் என விழைந்தார். தாயகம் திரும்பிய பின், 1926இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார். இத்தனை பணிகளுக்கிடையிலும் தங்கையின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்னும் தம் கருத்தை வெளியிட்டார்.

தமிழகப் பெண்களை அந்நாளில் மிகுதியாக வாட்டியது கருப்பைவாய்ப் புற்றுநோய். இந்நோய் ஒரே நாளில் முற்றுவதன்று. கருப்பைவாயில் உள்ள நுண்ணிய உயிரணுக்கள் முதலில் சிறிது சிறிதாக மாறுபடுகின்றன. அவை புற்றாக முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டறிந்தால் முற்றிலும் குணமாக்கலாம். எனினும், நாணத்தாலும் அச்சத்தாலும் பெண்கள் நோயை மறைத்தனர். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மீன் விற்றும் கூலி வேலை செய்தும் பிழைக்கும் தாய்மார்களைப் போன்றோர்க்கோ, ஒரு நாள் வேலையை விட்டால் மறுநாள் அடுப்பு எரியாது. வலி பொறுக்க இயலாத நிலையிலேயே அத்தகையோர் மருத்துவரை நாடினர்.

புற்றுநோய் வந்தோர் பிழைப்பதில்லை. பிறகு மருத்துவமனை எதற்கு எனக் கேட்டவர்களும் இருந்தனர். அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதனைத் தம் தோளில் தாங்கினார். மகப்பேறு மருத்துவம் பயின்ற டாக்டர் சாந்தா, தமக்குக் கிடைத்த அரசுப் பணியை ஏற்காது 1955இல் அங்கே சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்க்கருவி வந்து சேர்ந்தது. அறுவை மருத்துவமும் கதிர் மருத்துவமும் அங்கே சிறந்தோங்கின.

1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவர் நட்ட விதை மரமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் அந்நிலையம் சென்னை நகரின் புற்றுநோயாளர் கணக்கெடுப்பைத் தொடங்கியது. பெண்களிடையே முதலிடம் பெற்றிருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆண்டுதோறும் குறைந்து வருவதை அக்கணக்கு காட்டிற்று. இந்நோய்க்குக் காரணம் ஒருவகை வைரசு என்பதை அறிஞர் பின்னர்க் கண்டனர். அதைத் தடுக்கும் ஊசிமருந்தும் வந்தது. இன்று நகர்ப்புற நலவாழ்வு நிலையத்திலேயே செவிலியர் ஒருவர் சில நிமிடங்களில் இந்நோயின் முதற்குறியைச் சோதித்து அறிய இயலும். வடசென்னையில் மீன்கூடை சுமக்கும் தாய்க்கும் அந்தச் சோதனை எட்டும் தொலைவில் இருக்கிறது.

தங்கையைக் காக்க இயலாத மருத்துவர் ஒருவரின் கண்ணீர், முகமறியாப் பெண்கள் பல்லாயிரவரைக் காக்கும் அரணாயிற்று. நோயை மறைத்தல் நாணமன்று. காலத்தில் வெளியிடுதலே அறிவு. இதுவே அம்மையாரின் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.