நாட்டிய மேடையில் கால்பந்து!

கோவை நேரு ஸ்டேடியத்தில் பந்தாட்டம் பார்த்தவர்களுக்கு, கோல் விழும்போது எழும் கூச்சல் தெரியும். அந்த ஆட்டத்தையே நாட்டிய மேடைக்குக் கொண்டுவர இசை அமைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ரஷிய இசை மேதை ஷோஸ்டகோவிச்.

1906-ல் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இளம் வயதில் எழுதி முடித்த முதல் சிம்பனியே அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. ஆனால், மனிதருக்குக் கால்பந்து என்றால் பைத்தியம்! எந்த ஆட்டத்தில் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார், மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி.

பீட்டர்ஸ்பர்க், லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த 1930-ல், அங்கே அரங்கேறியது அவருடைய "பொற்காலம்" என்ற பாலே நாட்டியம். சோவியத் கால்பந்துக் குழு ஒன்று மேல்நாட்டு நகரம் ஒன்றுக்குப் போகிறது. அங்கே பணக்காரர்களின் சூழ்ச்சி, போலீஸ் தொல்லை, சிறை! கடைசியில் அந்த ஊர்த் தொழிலாளிகளே வீரர்களை மீட்கிறார்கள். கதை, சர்க்காருக்குப் பிடித்த பிரசாரம்தான். இசையிலோ குறும்பு கொப்பளித்தது. விமர்சகர்கள் சாடினார்கள். நாட்டியம் நெடுநாள் ஓடவில்லை.

1936-ல் இடி விழுந்தது. "பிராவ்தா" பத்திரிகை முதலில் அவருடைய இசை நாடகத்தையும், அடுத்து இன்னொரு பாலேயையும் தாக்கியது. ஸ்டாலின் காலம் அது. அந்தப் பத்திரிகை கோபித்தால் தலைக்கே ஆபத்து. அதன் பிறகு அவர் புதிதாக ஒரு பாலே கூட எழுதவில்லை. ஆனால், பந்தாட்டம் பார்க்கப் போவதை மட்டும் விடவில்லை.

1975-ல் காலமானார். 1982-ல் மாஸ்கோ போல்ஷோய் அரங்கில் "பொற்காலம்" மறுபடியும் மேடை ஏறியது. கதையை மாற்றிவிட்டார்கள். அதில் கால்பந்து இல்லை!